மண் சரிவுச் செய்தி அனுப்பாத த்ரெட்

செவ்வாய் இரவு, கள்ளக்குறிச்சி

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்களுக்காக நான் எழுதிய இணையதளம் இன்று அவர்களில் ஒருவனான என் தம்பி குமாரையே ஏமாற்றிவிட்டது. மலைப்பாதையில் மண் சரிந்தால் ஊர்க்காரர்கள் அதில் பதிவார்கள். உடனே எல்லா டிரைவர்களுக்கும் செய்தி போகும். அதற்கென்றே பின்னணியில் ஒரு த்ரெட்டை, நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு பகுதியை, ஓடவிட்டிருந்தேன்.

மாலை மழையில் சரிவு என்று பதிவு வந்ததைப் பார்த்தேன். குமாருக்கும் செய்தி போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தான், சட்டையெல்லாம் சேறு.

"வளைவுல திரும்புனா மண்ணு எதிர்லயே கெடக்குதுக்கா. வண்டி நெறய ஆளுங்க. ரிவர்ஸ்லயே எறக்கிக்கினு வந்தேன்."

"மெசேஜ் பாக்காமயா ஏறுன?"

"இன்னா மெசேஜ்? ஒண்ணும் வரலியே. வரலன்னா வழி நல்லாகீதுன்னு நீதான சொன்ன?"

லேப்டாப்பைத் திறந்தேன். யாரோ தவறாகக் கொடுத்திருந்த ஒரு போன் எண்ணில் பிழை வந்து, அந்த த்ரெட் மதியமே நின்றுபோயிருந்தது. தொடங்கி வைத்ததோடு சரி, அது ஓடுகிறதா என்று பார்க்க நான் நிரல் எதுவும் எழுதவில்லை. இணையதளம் மட்டும் வழக்கம்போலத் திறந்துகொண்டிருந்தது.

பிழை வந்தால் அடுத்த எண்ணுக்குப் போகும்படி மாற்றினேன். நின்றுபோனால் எனக்குச் சொல்ல இன்னொரு த்ரெட்டும் வைத்தேன். மறுபடி ஓடவிட்டதும் அடுத்த அறையில் குமாரின் போன் ஒலித்தது. தேங்கிக் கிடந்த செய்தி.

அவன் சத்தமாகப் படித்தான். "மண் சரிவு. மலை ஏற வேண்டாம்."

எனக்கு எழுந்து அந்த அறைக்குப் போகத் துணிவில்லை.