படமும் புளுகும்

12.8.1996, திங்கள்

அக்கா மகள் பல் டாக்டர். எனக்குத் தாடையெலும்பில் திருகி ஒரு கடைவாய்ப் பல் வைப்பதற்காக இன்று எக்ஸ்ரே எடுத்தாள். ஈறில் மெழுகால் சைக்கிள் சக்கரத்துக்குள் உருளும் இரும்புக் குண்டு, ஒரு பால்ஸையும் ஒட்டினாள். படம் எதையும் பெரிதாகத்தான் காட்டுமாம். படத்திலுள்ள பால்ஸை அதன் நிஜ அளவோடு ஒப்பிட்டு, மிகையைக் கழித்தால்தான் உண்மை தெரியுமாம். அட, படமும் நம்ம இனம்!

கழித்துப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"எலும்பு பத்தாது மாமா. அடியில நரம்பு ஓடுது. திருகு பட்டா கீழுதடு மரத்துப் போவும்."

"ஏட்டி, பொதிகை மலையக் கடிச்சு இழுத்த தாடை இது. தைரியமா திருகு!"

"மாட்டேன். கழட்டி மாட்டுற பல்செட்டு போதும்." அச்செடுக்கும் தட்டைக் கையிலெடுத்தாள். "உதடு மரத்துட்டா இந்தப் புளுகெல்லாம் எப்படிச் சொல்லுவிய?"

ஈரேழு லோகத்தையும் வாயாலேயே ஜெயித்தவன், அவள் பல்செட்டுக்கு அளவெடுக்க மட்டும் வாயைத் திறந்தேன்.