கொட்டாவி விடேக்கை எழும்பின கை

பெப்ரவரி 3, செவ்வாய்

விடியப் பனி. கடல் தெரியேல்லை, வள்ளங்களின்ரை எஞ்சின் சத்தம் மட்டும். செய்ய வேண்டியது: இவருக்கு நகம் வெட்ட, மருந்துக்கடை, பால்மா.

காலமை ஒரு விசயம். இவரைக் கதிரையிலை இருத்திப்போட்டுத் தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டன். பெரிய கொட்டாவி ஒண்டு விட்டார். வலது கை எழும்பிச்சு. ஸ்ரோக் வந்து ஆறு மாசமா மடியிலை செத்துக் கிடக்கிற கை. நெஞ்சுயரத்துக்கு மெல்ல மேலை போய், மூச்சை விட இறங்கிச்சு.

கோப்பையை வைச்சிட்டு, இன்னொருக்காத் தூக்குங்கோ எண்டன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பேச்சும் ஸ்ரோக்கோடையே போனது. விளங்குதோ இல்லையோ எண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது.

நகம் வெட்டேல்லை.

4, புதன்

சுதந்திர தின லீவு. இவருக்குப் பயிற்சி குடுக்கிற பிசியோ பிள்ளை வரமாட்டா. போனைப் பிடிச்சுக்கொண்டு இவருக்கு எதிரை காவல். பத்தரைக்கு ஒரு கொட்டாவி, சின்னது, கை எழும்பேல்லை. மூண்டேகாலுக்குப் பெரிசு. எழும்பிச்சு. வீடியோ எடுத்திட்டன்.

ரொறன்ரோவுக்குத் தம்பிக்கு அனுப்பினன். மகனெண்டு பெத்தது அவன் ஒருத்தனைத்தான். "அப்பாவின்ரை கை அசையுது" எண்டு எழுதினன். கொட்டாவியைப் பற்றி எழுதேல்லை. வீடியோவிலை முகம் விழேல்லை, கை மட்டும். வேணுமெண்டு அப்பிடி எடுத்தனோ? தெரியேல்லை.

5, வியாழன்

காலமை ஏழுக்குத் தம்பி போன் எடுத்தான், அங்கை இரவு. சந்தோசத்திலை அழுதான். நானும். பிறகு சொல்லுறான், முந்திச் சொன்னமாதிரி மார்ச்சிலை அவசரப்பட்டு வரத் தேவையில்லைத்தானே, அப்பா நல்லா எழும்பினாப் பிறகு டிசம்பரிலை பிள்ளையளோடை வாறனாம். வேலையிலை லீவு எடுக்கிறதும் கஷ்டமாம்.

ஓம், அதுதான் நல்லது எண்டன்.

அவன்ரை கட்டிலுக்கெண்டு தோய்ச்சு வைச்ச விரிப்பைத் திரும்ப அலுமாரிக்குள்ளை வைச்சன். மத்தியானம் சமைக்கேல்லை. இவருக்கு மட்டும் கஞ்சி.

6, வெள்ளி

பிசியோ பிள்ளை இணுவிலிலையிருந்து ஸ்கூட்டியிலை வந்தவ. வீடியோவைக் காட்டினன். பார்த்திட்டுச் சிரிக்கேல்லை. கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்திலை இருந்தவ. அப்பவே விளங்கிச்சு.

கொட்டாவியோடை வாறதோ எண்டு கேட்டா. ஓம் எண்டன்.

"ரீச்சர், இது அவர் தூக்கிறதில்லை. கொட்டாவி தூக்குது."

நினைச்சுக் கை தூக்கிற பாதை மூளையிலை அறுந்துபோச்சாம். கொட்டாவி அதுக்குக் கீழை, இன்னும் பழைய ஓரிடத்திலையிருந்து வருதாம், அதுக்கு வேறை வழியாம். ஸ்ரோக் வந்த கொஞ்சப் பேருக்கு இப்பிடி நடக்குமாம். கை திரும்பி வருதெண்டு எடுக்கேலாதாம். பயிற்சியை மட்டும் விடவேண்டாமாம்.

முப்பது வருசம் விலங்கியல் படிப்பிச்சனான். ஏன் கொட்டாவி? இரத்தத்திலை ஒட்சிசன் குறைய. அப்பிடித்தான் கரும்பலகையிலை எழுதினனான், பிள்ளையளும் பார்த்தெழுதிச்சினம். அது சரியில்லை எண்டு இப்ப சொல்லினம். மூளை சூடாறவோ, முழிச்சிருக்கவோ, ஒருத்தருக்கும் முடிவாத் தெரியாது. மீன், பாம்பு, குருவி, நாய், குரங்கு, வயித்துக்குள்ளை கிடக்கிற பிள்ளை. எல்லாம் வாயைத் திறக்குது.

7, சனி

கொடிகாமத்திலையிருந்து தங்கச்சி எடுத்தாள். தென்னங்காணியிலை குரங்குத் தொல்லையாம். ஒரு கடுவன் மதிலிலை இருந்து அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டிச்சாம், நித்திரைத் தூக்கத்திலை எண்டு கிட்டப் போனாளாம். அது நித்திரையில்லை, பல்லுக் காட்டி வெருட்டுறது, போகாதை எண்டன். அக்கா இன்னும் ரீச்சர்தான் எண்டு சிரிச்சாள். அடுப்பிலை கறி எண்டு போனை வைச்சிட்டாள்.

நாலு நிமிசம். இண்டைக்கு நான் ஆளோடை கதைச்சது அவ்வளவும்தான்.

8, ஞாயிறு

இவரை விட்டிட்டு சேர்ச்சுக்குப் போகேலாது. வேதாகமம் வாசிச்சன், ரெண்டு அதிகாரம்.

சிம்பன்சியளிலை ஒண்டு கொட்டாவி விட மற்றதும் விடும். தன்ரை கூட்டத்திட்டையிருந்துதான் கூடத் தொத்துமாம். அதை யோசிச்சு இவருக்கு முன்னாலை இருந்து வேணுமெண்டு கொட்டாவி விட்டுப் பார்த்தன். ஆறு தரம். வாயைப் பிளந்துகொண்டு, விசரி மாதிரி. ஒண்டுமில்லை. வாசலிலை கிடந்த நாய் விட்டிச்சு.

அவர் விட்டால் எனக்கு வருது. எனக்கு வந்தால் அவருக்கு வரேல்லை.

9, திங்கள்

தூறல். உடுப்பு காயேல்லை. காஸ் முடியப்போகுது.

சேட்டுப் பொத்தான் பூட்டக் குனிஞ்சு நிண்டன். அவருக்குக் கொட்டாவி வந்திச்சு. கை எழும்பி, இறங்கேக்கை என்ரை தோளிலை விழுந்திச்சு. பாரம். சூடு. முதுகு நோகும் வரைக்கும் அசையாமல் நிண்டன். அவர் போட்ட கை இல்லை எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நிண்டன். இந்த ஆறு மாசத்திலை ஒருத்தரும் என்னைத் தொடேல்லை.

தம்பிக்குச் சொல்லோணும்.

10, செவ்வாய்

ஏழுக்கு நானே போன் எடுத்தன். எல்லாம் சொன்னன். கொட்டாவி, முகம் விழாமல் எடுத்தது, பிசியோ பிள்ளை சொன்னது. கோவிப்பானோ எண்டு பயந்தன். அப்ப டிசம்பரிலையும் அப்பா இப்பிடித்தான் இருப்பாரோ எண்டு கேட்டான். இருக்கலாம் எண்டன். அப்பிடியெண்டால் எப்ப வந்தாலும் ஒண்டுதானே எண்டான். குத்திக் கதைக்கேல்லை, களைச்சுப்போய்க் கதைச்சான்.

"அப்பாவுக்கு ஒண்டுதான். எனக்கு ஒண்டில்லை. மார்ச்சிலை வா, தம்பி."

அவனை வா எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. கனடாவுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கும் போ எண்டுதான் சொன்னனான்.

தன்ரை மனிசியோடை ஏதோ கதைச்சான், எனக்குக் கேக்கேல்லை. திரும்பி வந்து, மார்ச் பதினாலாம் திகதி வந்தால் சரியோ எண்டான்.

ஓம் எண்டன்.