நூறாம் நாளுக்கு ஒரு கிண்ணம்

நாகோயா, ஜனவரி 10

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் குழந்தை ரிகுவும் நலம். உங்கள் பேரனுக்கு உங்கள் மூக்கு வந்திருக்கிறது. வேறெதுவும் வராமலிருக்கட்டும்.

மார்ச் 4 அவனுக்கு நூறாம் நாள். முதல் சோறு ஊட்ட வேண்டும். ஆண் குழந்தையை மடியில் வைத்து ஊட்டுவது குடும்பத்தின் மூத்த ஆண்தான். நீங்கள் என் மாமனாரைவிட இரண்டு வயது பெரியவர், அதனால் அந்த இடம் உங்களுடையது. கொடுக்கத்தான் மனம் வரவில்லை. என் கல்யாணத்துக்குக் குடித்துவிட்டு வந்தீர்கள். நூடுல்ஸ் கடை, டாக்ஸி, அம்மா இருந்தபோது பாதியில் விட்ட கூரை... தொடங்கியதில் எதை முடித்தீர்கள்?

யமனாகாவில் மரக் கிண்ணம் கடையக் கற்றுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையால் ஒன்றை முடித்து அனுப்புங்கள். இல்லையென்றால் மாமனார் உட்காரட்டும்.

மிசுஹோ

யமனாகா, ஜனவரி 24

கண்ணே மிசுஹோ,

நீ கேட்டது நியாயம்தான். எப்படி முடிக்கப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை. பச்சை மரத்தைத் தடிமனாகக் கடைந்து, ஐந்து மாதம் புகையில் உலர்த்தி, பிறகுதான் மெல்லியதாகக் கடைய வேண்டுமாம். என் ஆசிரியை நிஷிதே உன்னைவிடச் சின்னவள், உன்னைவிடக் கோபக்காரி. கெஞ்சிக் கேட்டதில், ஏற்கெனவே உலர்ந்த கட்டைகளில் மூன்று தந்தாள். இரண்டு கட்டைகள் உளியில் மாட்டி எகிறிச் சுவரில் மோதின. மூன்றாவதன் அடியைத் துளைத்துவிட்டேன்.

"பெரியவரே, உங்க அவசரத்த மரத்துகிட்ட காட்டாதீங்க, அது திருப்பி அடிக்கும்" என்றாள். நான்காவது தரமாட்டாள்.

இப்போது பச்சை மரத்தில் நானே கடைந்த ஒரு கிண்ணத்தை அடுப்போரம் வைத்து உலர்த்துகிறேன்.  குடியை அவன் பிறந்த அன்றே விட்டுவிட்டேன். இதை முடிக்க முடியாதோ என்றுதான் பயம். அவனை ஒருமுறை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், கண்ணே. எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

உன் அப்பா

யமனாகா, பிப்ரவரி 18

மிசுஹோ,

முடித்துவிட்டேன். இத்துடன் வருகிறது. பத்திரமாகப் பிரி.

அப்பா

நாகோயா, பிப்ரவரி 22

அப்பாவுக்கு,

கிண்ணம் வந்தது. மாமியார் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மார்ச் 4, பதினோரு மணிக்கு வந்துவிடுங்கள்.

மிசுஹோ

யமனாகா, பிப்ரவரி 25

கண்ணே மிசுஹோ,

நான் வரவில்லை. மாமனாரையே உட்காரச் சொல்.

அந்தக் கிண்ணம் நிஷிதே கடைந்தது. அலமாரியிலிருந்து கேட்காமல் எடுத்து அனுப்பினேன். அடுப்போரம் வைத்த என் கிண்ணம் கோணிப்போய் அடியில் விரிசல் விட்டுவிட்டது. சூப் ஊற்றினால் ஒழுகுகிறது. இன்று காலை அவளிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். "கிண்ணம் போனா போகுது. பேரன்கிட்ட உண்மைய யாரு சொல்றது?" என்றாள். வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கிண்ணத்திலிருந்து அவனுக்கு ஊட்டினால் என் வாழ்நாளெல்லாம் அந்தக் கை எரியும். இதையும் முடிக்காதவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். என்னை மன்னிக்க வேண்டாம்.

குனியோ

நாகோயா, பிப்ரவரி 28

அப்பா,

பெட்டியைப் பிரித்ததுமே தெரியும். உள்ளே ஓர் உளித் தடம்கூட இல்லை. போதாததற்குக் கூடவந்த சீட்டில் உங்கள் கையெழுத்து அழகாக இருந்தது. பொய் எழுதும்போதுதான் உங்களுக்கு எழுத்து அழகாக வரும், அம்மா அடிக்கடி சொல்வாள். தெரிந்தும் வரச் சொன்னேன். நீங்களும் வாய் திறக்காமல் வந்து உட்கார்ந்திருந்தால், அன்றோடு உங்கள் உறவையே விட்டிருப்பேன்.

25ஆம் தேதிக் கடிதத்தில் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது. நான்கு முறை படித்தேன்.

நூறாம் நாளில் பிள்ளை எதையும் விழுங்குவதில்லை, அப்பா. உதட்டில் வைத்து எடுப்பதோடு சரி. அதற்கு ஒழுகுகிற கிண்ணம் போதும். அடியில் துண்டு விரித்துக்கொள்கிறேன்.

உங்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். திரும்பும்போது நிஷிதேயின் கிண்ணத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பதினோரு மணி. மாமனாரிடம் சொல்லிவிட்டேன், இடம் காலியாக இருக்கும்.

உங்கள் மகள்
மிசுஹோ