பாலத்தடியில் ஒருவழி

ஐப்பசி, புதன் இரவு. மழை விடவில்லை.

ரயில்வே பாலத்துக்கு அடியில் சாலையை ஒருவழியாக்குவது பற்றி இன்று கடலூரில் கருத்துக் கேட்புக் கூட்டம். இனி டவுனிலிருந்து வருகிறவர்கள் மட்டும்தான் பாலத்தடியில் வரலாமாம். எங்கள் குப்பத்திலிருந்து போகிறவர்கள், நடந்து போகிற ஊர்வலமானாலும், ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போக வேண்டும்.

"வண்டில அஞ்சு நிமிஷம் ஜாஸ்தி ஆவும், அவ்ளோதான்" என்றார் இன்ஜினியர்.

எங்கள் சுடுகாடு பாலத்துக்கு அந்தப் பக்கம். பாடையைத் தோளில்தான் தூக்கிப் போவோம். சுற்றினால் இன்னொரு ஊர்த் தெருவைக் கடக்க வேண்டும். எங்கள் பாடையை அவர்கள் விடமாட்டார்கள்.

மைக் என் கைக்கு வந்தது. "சுடுகாட்டு வழிய கேளு மாமா" என்று மச்சான் இடித்தான். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் ஆஸ்பத்திரியில். மூச்சு இருக்கிற மனிதருக்கு, பெற்ற பிள்ளையே சபையில் நின்று அந்த வழியைக் கேட்பதா?

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு செரமம் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். மச்சானும்தான். வேறு ஆட்சேபணை இல்லை என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கையசைத்துக் கூப்பிட்டார். அவர் வாயருகே காதை வைத்தேன்.

"என்னிய நேரா தூக்கினு போவ வுடுவாங்களா, சுத்தணுமா?"

"நேராதாம்பா."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். இப்போதுதான் எழுந்து போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருக்கிறது. இருக்கட்டும். வழி கிடைக்கிறவரைக்குமாவது இருக்கட்டும்.