கோபுரத்திலிருந்து மூன்றாவது ஜன்னல்

3 மார்ச் 1953

அன்புள்ள வோய்தேக்,

சுரங்க வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ஆனெஷ்காவைக் கோட்டையில் சேர்த்துவிட்டேன். நுரையீரல்தான். வாசலில் தயங்கினேன். டாக்டர் சிரித்தார். "பயப்படாதம்மா, ஜெயிலெல்லாம் யுத்தத்தோட போச்சு. இப்ப இது குழந்தைங்க ஆஸ்பத்திரி." ராஜாக்கள் இருந்த இடம், அப்பா காலத்தில் பார்லி மூட்டை அடுக்கிய இடம், உங்களை இரண்டு வருடம் அடைத்த இடம். இப்போது நம் பாப்பாவின் கட்டில். அந்தக் கல்லுக்கு எல்லாம் ஒன்றுதான்.

நம்மை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிறுதோறும் அகழிக்கு இப்புறம் நின்று கையாட்டலாம். தெற்கே மூன்றாவது அறை என்றார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் மொட்டை. அந்த உயரத்தில் முகம் தெரியவில்லை. எந்த ஜன்னல்? ஒருமுறை வாருங்களேன்.

உங்கள் லுட்மிலா

9 மார்ச்

அன்பு லுட்மிலா,

அந்த வாசலை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது. கேட்காதே. தெற்கு வரிசையில் அறைக்கு ஒரு ஜன்னல். கோபுரத்திலிருந்து மூன்றாவதைப் பார். கண்ணை மூடிக்கொண்டே எண்ணுவேன்.

வோய்தேக்

23 மார்ச்

அன்புள்ள வோய்தேக்,

நீங்கள் சொன்ன ஜன்னலில் நின்றாள்! அவள் கண்டுகொள்ள மஞ்சள் தலைத்துணி கட்டிப் போயிருந்தேன். இரண்டு கையையும் ஆட்டினாள். கசகசா பன்னைத் தூக்கிக் காட்டினேன், குதித்தாள். இளைக்கவே இல்லை. தேறிவிடுவாள், இல்லையா? தேறிவிடுவாள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் லுட்மிலா

20 ஏப்ரல்

வோய்தேக்,

அடக்கம் முடிந்து நீங்கள் ரயில் ஏறிய பிறகு அவளுடைய துணிமணிகளை வாங்கப் போனேன். இந்த முறை உள்ளே விட்டார்கள்.

இரண்டிரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துவிட்டார்கள். மூன்றாவது அறைக்கு இப்போது ஐந்தாவது, ஆறாவது ஜன்னல்கள்.

நர்ஸ் என் தலைத்துணியையே பார்த்தாள். "நீங்கதானா? 'மஞ்சத்துணி கட்டுனவங்க எங்கம்மா, வேற பாப்பாவுக்கு டாட்டா காட்டுறாங்க'ன்னு அழுவா. ஏக்கத்துல சொல்றான்னு நெனச்சோம். கடைசி ரெண்டு ஞாயிறும் ஜன்னல் பக்கமே வரல."

உங்கள் கணக்கு தப்பில்லை. அது உங்கள் காலத்துக் கோட்டை. ஒருமுறை வந்து நின்றிருந்தால் உள்ளே கேட்டாவது பார்த்திருப்போம். நானும் கேட்கவில்லையே.

மூன்றாவது ஜன்னல் குழந்தைக்கு யாருமில்லையாம். அது வருகிற ஞாயிறும் என்னைத் தேடும். போய்க் கையாட்ட வேண்டும்; எப்படி என்று தெரியவில்லை.

நீங்கள் எழுத வேண்டாம்.

லுட்மிலா