இங்கே கம்பி குறைகிறது

11 மார்ச், செவ்வாய்

ஹோம்புஷிலிருந்து ஆறு மணி ரயில். செவன் ஹில்ஸில் இறங்கி, தொழிற்பேட்டைக்குள் இருபது நிமிட நடை. பெரிய கிடங்கு ஒன்று கட்டுகிறோம். நான் சைட் இன்ஜினியர். சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. கம்பி கட்டும் குழுவில் ஆறு பேர், எல்லோரும் பிரேசில்காரர்கள். மேஸ்திரி வல்டிர். அவர்கள் கட்டியதைச் சரிபார்ப்பது என் வேலை.

ஜூலை 18 வரை சோதனைக் காலம். நிரந்தரமாக்காவிட்டால் விசாவும் ஆட்டம் காணும். இதை ஒருமுறை எழுதிவிட்டேன். தினமும் எழுதத் தேவையில்லை.

ரயிலில் காதில் போர்த்துகீசியப் பாடம். புதன்கிழமைகளில் பீட்டர்ஷாமில் பேச்சு வகுப்பு. ஆங்கிலம் தெரியாதவர்களுக்காகக் கற்கிறேன் என்று வீட்டுத்தோழி, நர்ஸ் மேனுகாவிடம் சொன்னேன். வல்டிருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். பிறகு ஏன்?

14 மார்ச்

தேநீர் இடைவேளையில் அவர்களிடம் போர்த்துகீசியத்தில் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்தேன். ஆறு பேரும் சிரித்தார்கள். வகுப்பாசிரியை லிஸ்பன்காரர்; அவருடைய உச்சரிப்புதான் எனக்கும். “லிஸ்பன் பாதிரியார் பேசுற மாதிரியே இருக்கு” என்றார் வல்டிர்.

எனக்கு வெட்கமே வரவில்லை. ஆங்கிலத்தில் இப்படிச் சிரித்திருந்தால் ஒரு வாரம் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளே எழுதி, அடித்து, திருத்துகிறேன். வெளியே வரும்போது பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. இத்தனை புத்தகம் படிக்கிறவள் நன்றாகப் பேசுவாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். போர்த்துகீசியத்தில் யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அந்த ‘ஏன்’னுக்குப் பதில் இதுதானோ?

2 ஏப்ரல்

மூன்று இடங்களில் கம்பியோடு கம்பி சேரும் நீளம் குறைவு. சொல்ல வாயெடுத்தேன். வல்டிரைச் சுற்றி அவருடைய ஆட்கள். ஆட்கள் முன்னால் மேஸ்திரியைக் குறை சொன்னால் அவருக்கு மரியாதை என்ன ஆகும்? சிரித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அலுவலக அறையில் உட்கார்ந்து படங்களோடு ப்ராஜெக்ட் மேனேஜர் க்ளென்னுக்கு ஈமெயில். யாரையும் நோகடிக்காமல் முடித்தேன்.

4 ஏப்ரல்

எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘டோனா ஈமெயில்’. ஈமெயில் அம்மணி.

என் ஈமெயிலைப் பார்த்து க்ளென் எல்லோர் முன்னாலும் வல்டிரிடம் கத்தியிருக்கிறார். அரைநாள் வேலையைப் பிரித்துக் கட்டினார்கள். எதைத் தவிர்க்க நினைத்தேனோ அதுவே இரண்டு மடங்காக நடந்திருக்கிறது. வல்டிர் என்னிடம் சொன்னது ஒன்றே: “மூஞ்சில சிரிப்பு, முதுகுல ஈமெயில்.”

வீட்டுக்கு வந்து மேனுகாவிடம் கொட்டினேன். அவள் நைட் ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏனப்பா, அந்த மனுசனிட்ட நேர சொல்லியிருக்கலாமே?”

“மத்தவங்க முன்னாடி எப்படி மேனுகா...”

“எங்கட வார்டில நான் கையைக் கழுவேல்லையெண்டா பெரிய டொக்டருக்கு முன்னாலயே சொல்லுவினம். கழுவிப்போட்டு வேலையைப் பாக்கிறது. பேந்து ஈமெயில் போட்டா கோள் சொன்னதெண்டுதான் நினைப்பினம். சரி, சோறு இருக்கு, சாப்பிடும். நான் போட்டு வாறன்.”

நல்லவிதமாக நடந்துகொள்கிறேன் என்று நினைத்தேனே. சே. பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேனா?

30 ஏப்ரல்

க்ளென் கூப்பிட்டு உட்காரவைத்தார். உனக்கு வேலை தெரியும் என்றார். ஆனால் சைட்டில் யார் காதிலும் உன் குரல் விழவில்லை, இன்பாக்ஸில் மட்டும் இருக்கும் இன்ஜினியரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றார். தலையாட்டினேன். பதில் ரயிலில்தான் தோன்றியது.

அம்மாவிடம் எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன்.

7 மே

வகுப்பு. இறந்தகால வினைகள். மண்டை காய்ந்துவிட்டது.

22 மே, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்று தளத்துக்குக் காங்கிரீட் போடும் நாள். ஏழு மணிக்கு முதல் லாரி வந்துவிட்டது. பம்ப் குழாயை ஒருவர் பிடித்து நின்றார். நேற்று எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். வடகோடியில் தளத்துக்குள் வரும் குழியின் மூலையில் மட்டும் பலகைகள் அடுக்கியிருந்ததால் எட்டிப் பார்த்ததோடு சரி. காலையில் பலகையை எடுத்துவிட்டிருந்தார்கள். மூலையில் சாய்வாகக் கட்டவேண்டிய இரண்டு கம்பிகள் இல்லை. அவை இல்லாவிட்டால் தளம் அந்த மூலையிலிருந்து விரிசல் விடும்.

சொன்னால் லாரி நிற்கும். நேற்று நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது க்ளென்னுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் மூடிவிடும், யாருக்கும் தெரியாது. ஆங்கில வாக்கியத்தை உள்ளே அடுக்கத் தொடங்கினேன். குழாய் ஒரு குலுங்கு குலுங்கியது.

“பாரா!”

போர்த்துகீசியத்தில் நிறுத்து என்று அர்த்தம். என் குரல்தான். அவ்வளவு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று தெரியாது.

“ஃபால்தா ஃபேஹு அகி!” இங்கே கம்பி குறைகிறது.

எல்லாத் தலையும் திரும்பியது. “பாதிரியார் கத்திட்டாருடோய்” என்று அவர்கள் மொழியில் ஒருவன். வல்டிர் முகம் சிவந்து வந்தார்.

“இந்த ரெண்டு கம்பிக்கா லாரிய நிறுத்தின?”

“ஆமா. வரைபடத்துல இருக்கு. நீங்க கட்டல. நேத்து நான் பாக்கல. ரெண்டு பேர் தப்பு.” வினையெல்லாம் பிழையாகத்தான் சொன்னேன். பிறகு க்ளென் பக்கம் திரும்பி அதையே ஆங்கிலத்தில்.

வல்டிர் குனிந்து பார்த்தார். விசிலடித்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். வெட்டிக் கட்ட பன்னிரண்டு நிமிடம். பின்னால் இரண்டாவது லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். க்ளென் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லாரிப் பக்கம் நடந்தார்.

மாலையில் யாருக்கும் ஈமெயில் அனுப்பவில்லை.

23 மே

வல்டிர் என் வரைபடத்தின் மேலேயே ஒரு காப்பியை ‘டொக்’கென்று வைத்துவிட்டுப் போனார். சமாதானமா, கோபமா தெரியவில்லை. சர்க்கரை அதிகம். குடித்தேன்.

17 ஜூன்

குளிர். இங்கே ஜூன்தான் குளிர்காலம்; விரல் விறைத்து டேப்பைப் பிடிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் குறையிருந்தால் வல்டிரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த இடத்தில் நின்று சொல்கிறேன். அவர் கையை விரித்து வானத்திடம் முறையிடுவார். பிறகு கட்டுவார். அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தானா இத்தனை மாதம் பயந்தேன்?

18 ஜூலை

நிரந்தரம். கடிதத்தை ரயிலில் நான்கு முறை படித்தேன். மேனுகா கேசரி கிண்டினாள். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போடவில்லை என்பதே பெரிய விஷயம் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

கிழக்குச் சுவரோரக் கம்பி இடைவெளி பற்றி வல்டிருக்கும் எனக்கும் பத்து நிமிடம் சண்டை. அவர் கையை ஆட்ட, நானும் ஆட்ட, பாதி போர்த்துகீசியம், பாதி ஆங்கிலம், கோபத்தில் இரண்டு இடத்தில் தமிழ். நடுநடுவே என் வினைச்சொற்களை வேறு அவர் ஆட்கள் திருத்தினார்கள். கடைசியில் டேப் வைத்து அளந்தோம். இந்தக் கோடியில் நான் சரி, அந்தக் கோடியில் அவர் சரி. சாப்பிடப் போனோம்.

மாலையில் அம்மா போன்.

“என்னடி, தொண்டை கட்டியிருக்கு? குளிரா? வெந்நீர் குடிச்சியா?”

“குளிரெல்லாம் இல்லம்மா. இன்னைக்குக் கொஞ்சம் கத்திட்டேன்.”

“நீயா?”