காக்கிச் சட்டைப் பாடம்

மஹியாவை,
கண்டி.
12.03.1998

அன்புள்ள கொறற்றிக்கு,

வின்சன்ட் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் பிள்ளைகள் இருவரும் இருக்கிறோம். குவைத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். மேபல் தவணைப் பரீட்சையில் ஐந்தாவதாக வந்திருக்கிறாள். கணக்கில் கோட்டை விட்டுவிட்டு டீச்சர் மேல் பழி போடுகிறாள். கூரைத் தகரம் மாற்றியாயிற்று. இதையெல்லாம் முதலில் எழுதினால் மற்றதை எழுதத் தைரியம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

தலதா மாளிகையில் குண்டு வெடித்ததிலிருந்து ஊர் பழைய ஊர் இல்லை. சந்திக்குச் சந்தி சோதனை. முன்பு நின்ற பொலிஸ்காரர்களுக்கு நம் கிளறன்ஸைத் தெரியும். இப்போது நிற்பவர்கள் எல்லாம் புதுசு, துப்பாக்கியை விட்டுக் கையை எடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை அவனுக்குச் செருப்பு வாங்க மஹ்மூத் நானா கடைக்குக் கூட்டிப் போனேன். மார்க்கெட்டுக்கு முன்னால் ஒரு ஆமிக்காரப் பொடியன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவனைக் கண்டதும் நம் பிள்ளை சட்டைக்குள் கையை விட்டான். நீ சொல்லிக் கொடுத்தபடிதான். இந்த நாளில் சட்டைக்குள் போகிற கையைப் பார்த்தால் அவர்களுக்கு என்ன தோன்றும் என்று உனக்கே தெரியும். பொடியன் பின்னால் துள்ளி, துப்பாக்கியை நீட்டி, கையைத் தூக்கு என்று சிங்களத்தில் கத்தினான். “அத் உஸ்ஸபன்!” நம்மவன் என்ன செய்வான்? யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வதுபோல, அதே குரலில் “அத் உஸ்ஸபன்” என்று அவனுக்கே சொன்னான். கை உள்ளேயே இருந்தது. கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டைப் பையின் கயிறு பொத்தானில் சிக்கிவிட்டது.

பிறந்ததிலிருந்து பேசுகிற சிங்களம், ஒரு சொல் என் வாயில் வரவில்லை, கொறற்றி. மஹ்மூத் நானாதான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து ஓடிவந்து, சுகமில்லாத பிள்ளை, அட்டைதான் எடுக்கிறான் என்று கத்தினார். அதற்குள் இன்னொருவன் பிள்ளையைத் தரையில் தள்ளி முதுகில் முழங்காலை வைத்துவிட்டான். இவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். பிறகு பையைப் பிரித்து, டாக்டரின் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து, என்ன வருத்தம் என்று கேட்டார்கள். ஓட்டிசம் என்றேன். தொத்துமா என்று கேட்டான் ஒருவன். உதட்டில் இரண்டு தையல். விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கே எழுதியிருந்தால் உன்னைக் கண்டபடி ஏசியிருப்பேன். நீ போவதற்கு முன் மாலையானால் என் நகரசபைக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாய். அவன் அட்டையை எடுத்து நீட்டினால் ஒரு பிஸ்கட். நல்ல பொலிஸ்காரி என்று நானும் சிரித்தேனே. வாய் திறந்து பதில் சொல்லாத பிள்ளைக்கு அப்போது அதுதான் நல்ல வழி. உன்மேல் குற்றமில்லை.

டாக்டரின் கடிதத்தோடு பொலிசுக்குப் போனேன். சார்ஜன்ட் நல்ல மனுசன். இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லி வைக்கிறேன், ஆனால் வீடு சோதிக்க வருகிறவர்கள் வெளியூர்ப் படை, பிள்ளையின் இரண்டு கையும் வெளியில் தெரிய வேண்டும் என்றார்.

அதைப் பழக்க நானும் காக்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். கையைத் தூக்கு என்றேன். அவன் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு பிஸ்கட்டுக்குக் கையை நீட்டினான். பையைக் கழற்றி வைத்தேன். அது இன்னும் மோசம், சட்டைக்குள் தேடுகிறான், தேடுகிறான், கை வெளியே வருவதேயில்லை. கையைப் பிடித்தால் கடிக்கிறான். அவன் தப்பே செய்யவில்லை, கொறற்றி. நீ சொன்னதை அப்படியே செய்கிறான். எனக்கு அதுதான் பயம்.

நீ அனுப்பிய கசட்டைத் தினமும் போட்டுக் கேட்கிறான். அதில் நீ “எந்திரிச்சு சாப்பிடுய்யா” என்றால் உடனே எழுந்து சாப்பிடுகிறான். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அசைய மாட்டான். அதனால் இன்னொரு கசட் பேசி அனுப்பு. அழாதே, அழுதால் நிறுத்திவிடுவான். சுகமா என்றுகூடக் கேட்காதே. “கிளறன்ஸ், யூனிபோர்ம் போட்டவங்க வந்தா ரெண்டு கையையும் மேல தூக்கு. அட்டையை அப்பா எடுத்துக் குடுப்பாரு” என்று மட்டும், ஒரு பக்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இரு.

நீ தந்த நம்பருக்கு மூன்று தரம் எடுத்தோம். உன் மேடம் அரபியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார். மஹ்மூத் நானாவின் மருமகன் ஹுஸைன் சனிக்கிழமை குவைத்துக்கு ஏறுகிறார். இந்தக் கடிதம் அவர் கையில்தான் வருகிறது. கசட்டையும் அவரிடமே கொடு, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். எப்படிப் பார்த்தாலும் பத்து நாளாகும்.

நேற்று நமக்குக் கீழ் வரிசை வீடுகளைச் சோதித்துவிட்டார்கள். அடுத்தது நாம். லீவு போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வந்தால் நான்தான் முதலில் வெளியே போய்க் கையைத் தூக்கி நிற்பேன். எனக்குப் பின்னால் அவன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். சீக்கிரம் பேசு, கொறற்றி. அவனுக்கு நீ சொன்னால்தான் சொன்னது.

உன்
வின்சன்ட்